பெட்டியைத் தூக்கிய பிறகு டிக்கியில் மிஞ்சுவது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரில் எளிதாகக் கழற்றி மாட்டக்கூடிய சப்வூஃபர் (பேஸ் எனப்படும் தாழ்ந்த, கனத்த ஒலியை எழுப்பும் பெரிய ஸ்பீக்கர்) அமைப்பது குறித்துத் தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் வெளியான கட்டுரையைப் படித்தேன். டிக்கியின் பாதியை நிரந்தரமாக அடைத்துக்கொள்ளும் பெட்டிக்கு மாற்று உண்டு என்பதை விளக்கமாக எழுதியதற்கு முதலில் என் நன்றி. ஆனால் அந்தக் கட்டுரை, பெட்டியை எப்படித் தூக்குவது என்பதைப் பத்தி பத்தியாகச் சொல்லிவிட்டு, தூக்கிய பின் காரில் மிஞ்சி நிற்கும் ஒயர்களைப் பற்றி 'டேப் சுற்றி ஓரமாக வைத்துவிடலாம்' என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டது. கூடவே வெளியான படத்தில் ஃபியூஸ் டிக்கிக்குள், ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் ஆம்ப்ளிஃபயருக்கு (சுருக்கமாக ஆம்ப்) பக்கத்தில் வரையப்பட்டிருந்தது. மின்சாரம் காரின் இரும்புடம்பு வழியாகப் பேட்டரிக்குத் திரும்ப உதவும் எர்த் ஒயரோ சீட் பெல்ட் போல்ட்டில் கட்டப்பட்டிருந்தது. இந்த மூன்றையும் அப்படியே நம்பி யாரும் செய்துவிடக் கூடாது என்பதால்தான் எழுதுகிறேன். எட்டு ஆண்டுகளில் இரண்டு கார்களில் மூன்று விதமாக இதைச் செய்து பார்த்து, முதல் இரண்டிலும் கையைச் சுட்டுக்கொண்டவன் நான்.

என் முதல் காரில் இதைப் பொருத்தித் தந்தவர், ஆம்பை டிக்கியின் பக்கவாட்டில் திருகிவிட்டு, அதிலிருந்து வரும் இரண்டு ஸ்பீக்கர் ஒயர்களின் நுனியைச் சீவி, பெட்டியின் முதுகிலுள்ள ஸ்பிரிங் டெர்மினலில் செருகிக் கொடுத்தார். அழுத்தினால் கழன்றுவிடும், அழுத்தினால் மாட்டிக்கொள்ளும், இதைவிட எளிது ஏது என்று கேட்டார். பட்டப்பகலில் பார்த்தபோது எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நான்கு மாதம் கழித்து ஒரு மழை இரவில் டயர் பஞ்சரானது. ஸ்டெப்னி டிக்கியின் தரைப்பலகைக்கு அடியில் இருந்தது. தரைப்பலகையின் மேல் பதினெட்டு கிலோ பெட்டி உட்கார்ந்திருந்தது. ஒரு கையில் கைப்பேசி வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஒயர்களைப் பிடுங்கினேன். ஸ்டீரியோவை அணைக்கவில்லை என்பது நினைவிலேயே இல்லை. பிடுங்கிய நுனிகளில் ஒன்று டிக்கிப் பூட்டின் இரும்பில் பட்ட மாத்திரத்தில், ஆம்பின் பச்சை விளக்கு சிவப்பாக மாறியது. ஆம்பிலிருந்த பாதுகாப்புச் சுற்று வேலை செய்ததால் பொருள் பிழைத்தது. மறுநாள் அணைத்துப் போட்டதும் பழையபடி பாடியது.

ஸ்பீக்கர் ஒயர்தானே, அதில் என்ன இருக்கிறது என்று அதுவரை நினைத்திருந்தேன். சப்வூஃபருக்கென்று செய்யப்படும் ஆம்ப்கள் பலவற்றில் ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு முனைகளில் எதுவுமே எர்த் கிடையாது. இரண்டும் ஓட்டமுள்ளவை; எது காரின் இரும்புடம்பில் பட்டாலும் அது ஷார்ட்தான். ஆம்பின் முனைகளில் ஸ்பீக்கர் இல்லாமல் சும்மா விட்டால் ஒன்றும் ஆகாது, அவை ஒன்றையொன்றோ இரும்பையோ தொட்டால்தான் வினை. ஆகவே பெட்டியை எடுக்கும்போது ஆம்பைக் காரிலேயே விட்டுவைப்பதில் தவறில்லை, அந்த முனைகளை எதுவும் தொட முடியாதபடி விட்டுவைக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த இரவுக்குப் பிறகு நான் எதிர்த்திசையில் ஓடி வேறொரு பள்ளத்தில் விழுந்தேன். ஆம்பையே பெட்டியின் முதுகில் திருகி, இரண்டும் ஒன்றாக வெளியே வரும்படி அமைத்தேன். தங்கள் கட்டுரை பரிந்துரைப்பதும் இதைத்தான். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் இப்படிச் செய்தால் ஒவ்வொரு முறையும் நான்கு இணைப்புகளைக் கழற்ற வேண்டும்: பேட்டரியிலிருந்து வரும் பாசிட்டிவ், எர்த், ஆம்பை எழுப்பும் ரிமோட் ஒயர், பாட்டைக் கொண்டுவரும் ஆர்.சி.ஏ. கேபிள். ஒருநாள் அவசரத்தில், பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே முதலில் எர்த்தைக் கழற்றிவிட்டேன். எர்த் வழி அடைபட்டதும் ஆம்பின் மின்னோட்டம் வேறு வழி தேடியது. கிடைத்த ஒரே வழி ஆர்.சி.ஏ. கேபிளின் மேலுறைக் கம்பி. அது நேராக டாஷ்போர்டிலுள்ள ஸ்டீரியோவுக்குள் போய், அங்கே தலைமுடி போன்ற ஒரு தடத்தை எரித்துவிட்டது. எல்லா ஆம்ப்களிலும் இப்படி நேர்வதில்லை. சிலவற்றில் மேலுறைக் கம்பி உள்ளே எர்த்தோடு நேரடியாகச் சேர்ந்திருக்காது. என்னுடையதில் சேர்ந்திருந்தது. அன்று முதல் ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கர்களில் ஒரு விசில் கூடவே ஏறத் தொடங்கியது. எஞ்சினோடு சுழன்று பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்நேட்டரின் இரைச்சல்தான் அது. ஸ்டீரியோவைப் பிரித்துச் சரிசெய்தவர் அந்தக் கருகிய இடத்தை நகத்தால் தொட்டுக் காட்டினார், கடுகளவுகூட இல்லை.

அந்த இரண்டாவது அமைப்பில் அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்றையும் பல மாதம் கழித்தே கண்டேன். பெட்டியும் ஆம்பும் வீட்டில் இருந்த நாட்களில், பேட்டரியின் பாசிட்டிவ் ஒயர் இன்சுலேஷன் டேப் சுற்றிய நுனியோடு டிக்கியின் மூலையில் கிடந்தது. கோடை வெயிலில் டிக்கிக்குள் ஏறும் சூட்டில் அந்த டேப்பின் பசை இளகி, சுற்று மெல்ல மெல்ல நழுவியிருக்கிறது. ஒருநாள் பையை எடுக்கக் குனிந்தபோது, டேப் ஒரு வளையமாகப் பின்னால் தள்ளிக் கிடக்க, ஒயர் நுனியிலுள்ள செம்பு வளையம் (லக்) பளபளவென்று வெளியே நின்றது. இரும்புத் தகட்டுக்கும் அதற்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளிதான். 12 வோல்ட்தானே, ஷாக் அடிக்காதே என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். ஷாக் அடிக்காது என்பது உண்மைதான். ஆனால் கார் பேட்டரி ஷார்ட்டானால் சில நூறு ஆம்பியர்களைச் சர்வசாதாரணமாகத் தள்ளும், அந்த ஓட்டத்தில் ஒயரின் மேலுறை தீப்பிடிக்க நெடுநேரம் ஆகாது. இங்கேதான் தங்கள் படத்திலுள்ள ஃபியூஸின் இடம் முக்கியமாகிறது. ஃபியூஸ் ஆம்பைக் காப்பதற்காக வைக்கப்படுவது என்று பலரும் எண்ணுகிறார்கள்; ஆம்புக்குப் பெரும்பாலும் அதன் உடம்பிலேயே ஃபியூஸ் உண்டு. பேட்டரிப் பக்கத்தில் வைக்கும் ஃபியூஸ், அங்கிருந்து டிக்கி வரை ஐந்து மீட்டர் ஓடும் ஒயரைக் காப்பதற்காக. அதை டிக்கியில் வைத்தால், ஐந்து மீட்டர் ஒயரும் காவலில்லாமல் கம்பளத்துக்கு அடியில் படுத்திருக்கும். பேட்டரி முனையிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும் என்பது இத்தொழிலில் உள்ளவர்கள் வழக்கமாகக் கடைப்பிடிக்கும் அளவு; நெருங்க நெருங்க நல்லது.

இவ்வளவையும் பட்டுத் தெரிந்துகொண்ட பிறகு செய்த மூன்றாவது அமைப்பு ஐந்து ஆண்டுகளாக ஒரு குறையுமின்றி இருக்கிறது. இதற்கு நான் வைத்துக்கொண்ட அளவுகோல் ஒன்றே ஒன்று: பெட்டி வீட்டில் இருக்கும்போது, அந்தக் காரில் சப்வூஃபர் இருந்ததே தெரியக் கூடாது. தொங்கும் ஒயர் இருக்கக் கூடாது; தரைப்பலகை தடையின்றித் திறக்க வேண்டும்; பாட்டும் குறைபட்டு ஒலிக்கக் கூடாது.

முதலில் பெட்டி. கழற்றி மாட்டும் பெட்டி சிறிதாக இருந்தால் ஒலியும் சிறிதாகத்தான் இருக்கும் என்ற அச்சம் பலருக்கு உண்டு. காருக்குள் அந்த அச்சம் பெரும்பாலும் வேண்டியதில்லை. 50 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 50 அதிர்வு) ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 7 மீட்டர். காரின் உட்புறம் 3 மீட்டர்தான். அலை முழுதாக விரிய இடமில்லாதபோது, காருக்குள் அடைபட்ட காற்று மொத்தமும் ஒரே மூச்சாக அழுந்தித் தளர்கிறது. அதனால் ஏறத்தாழ 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப் போக, காரே ஒலியைத் தூக்கிக் கொடுக்கிறது. கணக்குப்படி, அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும் இந்தத் தூக்கல் 12 டெசிபல் வரை; கண்ணாடி, கதவு, தகடு ஆகியவற்றின் கசிவால் நடைமுறையில் சற்றுக் குறையும். நாற்புறமும் அடைத்த பெட்டியில் வைத்த சப்வூஃபர், கீழே போகப் போக அதே 12 டெசிபல் வீதத்தில்தான் தேய்கிறது. ஒன்று இறங்கும் அளவுக்கு மற்றது ஏற்றிக் கொடுப்பதால், வீட்டு அறையில் வைத்துக் கேட்டால் ஒல்லியாக ஒலிக்கும் சிறிய பெட்டி, காருக்குள் ஏறியதும் கனத்துவிடுகிறது. காற்றுத்துளையுள்ள பெட்டி இதைவிடச் சத்தமாக இருக்கும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அது இடத்தை அடைக்கும், துளை எந்த அதிர்வெண்ணுக்குக் கணக்கிடப்பட்டதோ அதற்குக் கீழே அதன் ஒலி 24 டெசிபல் வீதத்தில் சரியும், தூக்கவும் கனக்கும். கழற்றி மாட்டுவது என்று தீர்மானித்துவிட்டவருக்கு அடைத்த பெட்டிதான் ஏற்றது என்பது என் முடிவு.

10 அங்குல சப்வூஃபர்களில் பலவற்றுக்கு 15 முதல் 28 லிட்டர் வரை உள்ளளவு கொண்ட அடைத்த பெட்டி போதும். அந்தந்த ஸ்பீக்கருடன் வரும் தாளில் உள்ள அளவைத்தான் இறுதியாகக் கொள்ள வேண்டும். என் பெட்டி வெளியளவில் 40, 35, 32 சென்டிமீட்டர். அதை மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகையில், 18 மில்லிமீட்டர் கனத்தில் செய்தால் வெறும் பெட்டியே 10 கிலோ வரும். நான் 12 மில்லிமீட்டர் பிர்ச் பிளைவுட்டில் செய்து, உள்ளே குறுக்குக் கட்டை ஒன்று கொடுத்தேன். பெட்டி 7 கிலோவுக்குள் அடங்கியது, பலகையும் அதிரவில்லை. மூன்று கிலோ வித்தியாசம் தாளில் அற்பமாகத் தெரியும், டிக்கியின் விளிம்புக்கு மேலே கையை நீட்டி இடுப்பை வளைத்துத் தூக்கும்போது அதன் அருமை தெரியும். எம்.டி.எஃப். ஈரத்தைக் குடித்து உப்பிவிடும் என்பதும், வீட்டுக்கும் காருக்கும் அலையும் பெட்டி என்றாவது ஒருநாள் மழையில் நனையாமல் இருக்காது என்பதும் இன்னொரு காரணம். கைப்பிடி பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வேண்டும். அவை பெட்டியைத் துளைத்துக்கொண்டு போகும் வகையாக இருந்தால் காற்று கசிந்து, பாட்டின் நடுவே 'புஸ்' என்று ஒரு மூச்சு கேட்கும். ஆகவே பின்புறம் மூடிய கைப்பிடிகளையோ, மேலே திருகும் பட்டைக் கைப்பிடிகளையோ தேர்ந்துகொண்டு, திருகுத் துளைகளில் சீலன்ட் வைத்துவிடுவது நல்லது. ஸ்பீக்கரின் முகத்துக்கு இரும்புக் கம்பி வலையும் கட்டாயம் வேண்டும். வலையில்லாத கூம்பை முதலில் கிழிப்பது பெரும்பாலும் சொந்தக்காரரின் முழங்கால்தான்.

இனி இணைப்பு. மேடைகளில் பெரிய ஸ்பீக்கர்களுக்குப் பயன்படுத்தும் ஸ்பீக்கான் கனெக்டரைத்தான் நான் கையாள்கிறேன். செருகித் திருப்பினால் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும், சிறு நாக்கை இழுத்துத் திருப்பினால் விடுபடும். அதன் உலோக முனைகள் எல்லாம் பிளாஸ்டிக் பள்ளத்துக்குள் அமிழ்ந்திருப்பதால் விரலோ சாவியோ அவற்றைத் தொட வழியில்லை. தலைகீழாக மாட்டவும் முடியாது. தலைகீழாக மாட்டுவதால் எதுவும் எரியாது என்றாலும், சப்வூஃபரும் முன்பக்க ஸ்பீக்கர்களும் எதிரெதிராக அசைந்து, இரண்டும் சந்திக்கும் அதிர்வெண்ணில் பேஸ் காணாமல் போகும். காரணம் தெரியாமல் ஆட்கள் மாதக்கணக்கில் ஈக்வலைசரைத் திருகிக்கொண்டிருப்பார்கள். பெட்டியில் ஒரு சாக்கெட், டிக்கியின் பக்கவாட்டுப் பிளாஸ்டிக் தகட்டில் ஒரு சாக்கெட், நடுவே இரு நுனியிலும் பிளக் கொண்ட அரை மீட்டர் கேபிள். பெட்டி வெளியேறும்போது அந்தக் கேபிளும் அதோடு போய்விடும். டிக்கியில் மிஞ்சுவது சுவரோடு சுவராக ஒரு கறுப்பு வட்டம் மட்டும். கிட்டார் ஜாக் போன்ற 6.35 மில்லிமீட்டர் பிளக்கை இதற்குப் பயன்படுத்துவோரைப் பார்த்திருக்கிறேன். அது உள்ளே நுழையும் நொடியில் அதன் நுனி சாக்கெட்டின் மற்றொரு முனையை உரசிக்கொண்டுதான் போகும். பாட்டு ஓடும்போது செருகினால் அந்த நொடியே ஷார்ட். பனானா பிளக் நன்றாகப் பிடிக்கும், ஆனால் கழற்றியதும் இரண்டு அம்மணக் கம்பிகள் கையில் நிற்கும்.

ஆம்பைக் காரிலேயே விட்டுவிடுவதால், பேட்டரி ஒயரை அடிக்கடி கழற்றும் வேலையே இல்லாமல் போகிறது. இதில் இன்னொரு லாபமும் உண்டு: ஆம்புக்குள் இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்கள் காலியாக இருக்கும்போது பாசிட்டிவை மாட்டினால் அவை ஒரே வாயில் மின்சாரத்தை இழுத்து, தொடும் இடத்தில் தீப்பொறி அடிக்கும், வாரத்துக்கு இரண்டு முறை அப்படிப் பொறி அடித்தால் எந்தக் கனெக்டரின் முனையும் குழிந்து கருகிவிடும். பிடிவாதமாக ஆம்பையும் சேர்த்தே கழற்ற விரும்புகிறவர்கள், பாசிட்டிவும் எர்த்தும் ஒரே உறைக்குள் ஒன்றாகப் பிரியும் 50 ஆம்பியர் ஆண்டர்சன் வகைக் கனெக்டரைப் போட்டுக்கொண்டு, ஸ்டீரியோவை அணைத்த பிறகு ஆர்.சி.ஏ.யை முதலில் உருவி, பவர் கனெக்டரைக் கடைசியில் பிரிக்கட்டும். மாட்டும்போது பவர் முதலில், ஆர்.சி.ஏ. கடைசியில். இந்த வரிசை எனக்கு முன்பே தெரிந்திருந்தால் அந்த விசிலைக் கேட்டிருக்க மாட்டேன்.

ஆம்பை எங்கே வைப்பது என்பதில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை: டிக்கியின் பக்கவாட்டுப் பிளாஸ்டிக்குக்குப் பின்னால் காற்றோட்டமுள்ள குழிவு இருந்தால் அங்கே. முன்சீட்டுக்கு அடியில் வைப்பதானால், அங்கே மஞ்சள் நிறக் கனெக்டரோடு ஓடும் ஒயர்களைத் தொடவே கூடாது. அவை ஏர்பேக் சம்பந்தப்பட்டவை. எங்கே துளையிட்டாலும், முதலில் காருக்கு அடியில் படுத்து, அந்த இடத்துக்கு நேர் கீழே பெட்ரோல் டாங்கும் பிரேக் குழாயும் இல்லை என்பதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

ஒயரின் கனத்துக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 500 வாட் ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தரக்கூடிய அளவு) தரும் கிளாஸ் டி (மின்சாரத்தை அதிகம் வீணாக்காத வகை) ஆம்ப், நூற்றுக்கு எண்பது திறனோடு வேலை செய்தால், எஞ்சின் ஓடும்போதுள்ள 13.8 வோல்ட்டில் உச்சத்தில் ஏறத்தாழ 45 ஆம்பியர் இழுக்கும். ஐந்து மீட்டர் தூரத்துக்கு 8 கேஜ் (எண் குறையக் குறைய ஒயர் தடிமன்) செம்பு ஒயர் போட்டால் ஒயரிலேயே அரை வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாக வீணாகும். 4 கேஜ் போட்டால் 0.2 வோல்ட்தான். நான் 4 கேஜ் ஒயரும் 60 ஆம்பியர் ஃபியூஸும் போட்டிருக்கிறேன். ஒயர் வாங்கும்போது ஓர் இழையைக் கத்தியால் சுரண்டிப் பார்த்துவிடுவது நல்லது. செம்புநிறத்துக்கு அடியில் வெள்ளி நிறம் தெரிந்தால் அது செம்புப் பூச்சிட்ட அலுமினியம். அதன் கடத்துதிறன் செம்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் என்பதால், மேலே சொன்ன கணக்கு அதற்குப் பொருந்தாது. எஞ்சின் அறையிலிருந்து கேபினுக்குள் ஒயர் நுழையும் தகட்டுத் துளையில் ரப்பர் குரோமெட் (துளையின் விளிம்பை மூடும் வளையம்) இல்லாவிட்டால், தகட்டின் விளிம்பு நாள்தோறும் அதிர்ந்து அதிர்ந்து மேலுறையை அறுத்துவிடும். அப்படி அறுபடும் நாளில்தான் பேட்டரிப் பக்கத்து ஃபியூஸ் தன் வேலையைச் செய்யும்.

சீட் பெல்ட் போல்ட்டில் எர்த் கட்டுவதைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே எழுத வேண்டியிருக்கிறது. தயாராகக் கிடைக்கும் கனமான போல்ட், நேரே காரின் உடம்பில் இறங்குகிறது, ஸ்பேனர் ஒன்று போதும் என்பதால் பலருக்கு அது வசதியாகத் தெரிகிறது. அந்தப் போல்ட் ஓர் உயிரைப் பிடித்து நிறுத்துவதற்காக, குறிப்பிட்ட இறுக்கத்தில் முறுக்கப்பட்டது. அதைத் தளர்த்தி, நடுவே ஒரு லக்கைச் செருகி, கைக்குத் தோன்றிய அளவில் மறுபடி முறுக்கினால், விபத்தின்போது அது முன்போலத் தாங்கும் என்று எவராலும் உறுதி சொல்ல முடியாது. டிக்கியில் வேறொரு கனமான தகட்டைத் தேர்ந்து, பெயின்ட்டை உப்புத்தாளால் வெறும் இரும்பு தெரியும்வரை தேய்த்து, பாசிட்டிவுக்குப் போட்ட அதே கனமுள்ள ஒயரை அரை மீட்டருக்குள் முடித்து, தனி போல்ட்டில் இறுக்கி, மேலே துரு பிடிக்காமல் கிரீஸ் தடவிவிட்டால் வேலை முடிந்தது. பதினைந்து நிமிட வேலை.

பெட்டியைக் கட்டுவது பற்றித் தங்கள் கட்டுரையில் 'வெல்க்ரோ போதும், பெட்டி நகராது' என்றிருந்தது. வளைவில் திரும்பும்போது நகராது என்பது சரி. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் எதன் மீதாவது மோதி, முகப்பு 60 சென்டிமீட்டர் நசுங்கி நிற்பதாக வைத்துக்கொண்டால், அந்த நொடியில் உள்ளிருக்கும் ஒவ்வொரு பொருளும் சராசரியாகத் தன் எடையைப்போல் பதினாறு மடங்கு விசையோடு முன்னால் பாயப் பார்க்கும். ஸ்பீக்கர், வலை, கம்பளம் எல்லாம் சேர்ந்து 20 கிலோ இருக்கும் பெட்டி, 320 கிலோ கனத்தோடு பின்சீட்டின் முதுகை முட்டும். பெட்டிக்கும் சீட்டுக்கும் நடுவே ஓர் அடி இடைவெளி இருந்தாலோ, ஓடிவந்து மோதுவதால் விசை இன்னும் கூடும். ஆகவே பெட்டியைப் பின்சீட்டு முதுகோடு ஒட்டி, ஸ்பீக்கர் டிக்கிக் கதவைப் பார்த்தபடி வைத்து, டிக்கித் தரையில் சரக்குக் கட்டுவதற்கென்று தொழிற்சாலையிலேயே வைத்திருக்கும் இரும்பு வளையங்களில், நெம்பி இறுக்கும் ராட்செட் பட்டையை மாட்டி, பெட்டியின் மேலாகக் குறுக்கே இழுத்துக் கட்டுவதே நம்பத்தக்க முறை. பட்டையில் தைத்திருக்கும் சீட்டில் அதன் தாங்குதிறன் டெக்காநியூட்டனில் அச்சிடப்பட்டிருக்கும். ஒரு டெக்காநியூட்டனை ஏறத்தாழ ஒரு கிலோ எடையாகக் கொள்ளலாம் என்பதால், மேற்சொன்ன கணக்கோடு ஒப்பிட்டு வாங்குவது எளிது. பின்சீட்டை மடித்துப் போட்டுச் சாமான் ஏற்றும் நாளில், பெட்டியைத் தடுக்கும் முதுகே இல்லாமல் போவதால், அன்று பெட்டி வீட்டில்தான் இருக்க வேண்டும். கழற்றி மாட்டும் வசதி இருப்பதே அதற்காகத்தானே.

பலரும் மறந்துவிடும் ஒன்று ஸ்டீரியோவின் அமைப்பு. சப்வூஃபர் இருக்கும்போது, முன்பக்கக் கதவு ஸ்பீக்கர்களுக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதுவும் போகாதபடி வடிகட்டி வைப்போம். அப்போது அவை சுமையில்லாமல் தெளிவாகப் பாடும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழான ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காது எளிதில் கண்டுபிடிக்காது என்பதால், பேஸ் டிக்கியிலிருந்து வந்தாலும் முன்னாலிருந்தே வருவதுபோல் தோன்றும். பெட்டியை வீட்டில் விட்டுவிட்டு அதே வடிகட்டியோடு காரை எடுத்தால், மிருதங்கத்தில் தொப்பி போய் வலந்தலை மட்டும் கேட்கும். முதல் வாரம் நான் இதைக் கவனிக்காமல் ஸ்பீக்கரே பழுதாகிவிட்டதென்று எண்ணினேன். இப்போது ஸ்டீரியோவின் நினைவகத்தில் இரண்டு அமைப்புகளைச் சேமித்து வைத்திருக்கிறேன்: ஒன்றில் வடிகட்டி 80 ஹெர்ட்ஸில், சப்வூஃபர் வெளியீடு இயக்கத்தில், மற்றொன்றில் வடிகட்டி விலக்கப்பட்டு, சப்வூஃபர் வெளியீடு அணைக்கப்பட்டு. பெட்டி இறங்கும் நாளில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். இரண்டாவது அமைப்பில் ஆம்புக்கு ஒலியே போகாததால், சாக்கெட்டில் தூசியோ தண்ணீர்த்துளியோ விழுந்தாலும் கவலை குறைவு.

இவ்வளவு வேலை வேண்டாம் என்பவர்களுக்கு, ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே தட்டையான உறைக்குள் அடங்கிய, சீட்டுக்கு அடியில் வைக்கும் 8 அங்குல சப்வூஃபர்கள் இருக்கின்றன. பேஸ் இல்லாத காருக்கும் அவற்றுக்கும் நல்ல வித்தியாசம் தெரியும். 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே அவற்றிடம் அதிகம் எதிர்பார்க்க முடியாது. கழற்ற வேண்டிய தேவையே இல்லாத அளவுக்குச் சிறியவை என்பதால், என்னைப் போன்றவர்களின் பாதிக் கவலை அவர்களுக்கு இல்லை. ஃபியூஸின் இடமும் எர்த்தின் இடமும் அவற்றுக்கும் இதேதான்.

சென்ற மாதம் மறுபடியும் ஒரு பஞ்சர், அதுவும் இரவில். ஸ்டீரியோவை அணைத்தேன், ராட்செட்டின் நாக்கை அழுத்திப் பட்டையைத் தளர்த்தினேன், கனெக்டரைத் திருப்பி இழுத்தேன், பெட்டியைத் தூக்கிப் பின்சீட்டில் தற்காலிகமாக வைத்தேன். விளக்கைப் பிடிக்கவும் ஆளில்லை, தேவையும் வரவில்லை. ஸ்டெப்னியை எடுத்து மாட்ட ஆன நேரத்தில் பெட்டிக்காகப் போனது ஒரு நிமிடம்கூட இராது. மாற்றி முடித்ததும் பெட்டியை மறுபடி டிக்கியில் வைத்துக் கட்டிய பிறகே வண்டியை எடுத்தேன்.

தங்கள் நாளிதழில் வெளியான அந்தப் படத்தை வெட்டி வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கும் வாசகர்கள் நிச்சயம் இருப்பார்கள். ஆகவே ஃபியூஸைப் பேட்டரிக்கு அருகிலும், எர்த்தைச் சீட் பெல்ட் போல்ட்டிலிருந்து விலக்கித் தனித் தகட்டிலும் வரைந்து, திருத்திய படத்தை அதே பக்கத்தில், முடிந்தால் அதே அளவில், விரைவில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்